இணையம் இல்லாத கணினி நிலையத்திலும் படிக்கலாம்

திருகோணமலை மாவட்டத்தின் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் கணினி நிலையம் வைத்தாலும் இணையம் இல்லாமல் பிள்ளைகள் ஒன்றும் படிக்க இயலாது என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அந்தக் கவலை புரிகிறது, ஆனால் தகவல் சரியல்ல. இணையம் கட்டாயம் வேண்டியது நேரலை வகுப்பு போன்றவற்றுக்குத்தான்.

இணையம் இல்லாமலே விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ் (Kiwix) என்ற இலவச மென்பொருளும், தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை ஒன்றாக அடக்கிய சிம் (ZIM) கோப்பும் இருந்தால் போதும். திருகோணமலை நகரில் ஒருமுறை தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்களும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன.

பலர் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. பென் டிரைவ் ஃபேட்32 (FAT32) என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. 32 ஜிபி காலியாக இருந்தாலும் "கோப்பு மிகப் பெரிது" என்றே காட்டும். உள்ளதை வேறிடத்தில் சேமித்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்து எக்ஸ்ஃபேட் (exFAT) முறைக்கு மாற்றுங்கள், அல்லது படங்கள் இல்லாத சிறிய பதிப்பை எடுங்கள்.

நீங்களே சோதிக்கலாம்: வைஃபையை நிறுத்தி, கேபிளையும் கழற்றிவிட்டு, கிவிக்ஸில் அந்தக் கோப்பைத் திறந்து "திருகோணமலை" என்று தேடுங்கள். கட்டுரை அப்படியே திறக்கும். தரவிறக்கிய நாளுக்குப் பிந்திய மாற்றங்கள் மட்டும் அதில் இராது. அதற்கு அவ்வப்போது புதிய கோப்பை மாற்றவேண்டும்.