ஸ்கேன் மட்டும் போதாது

அறிகுறிகள் தோன்றுமுன்பே மூளைப் படம் மறதிநோயைக் காட்டிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை உறுதியாகச் சொல்வது எனக்குக் கவலையளிக்கிறது. உயிருடன் இருப்பவரின் மூளையில், மறதிநோயோடு தொடர்புடைய அமிலாய்டு என்னும் புரதத்தின் படிவைப் பெட் ஸ்கேனில் (சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் படம்) காண முடியும் என்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் படிவு நினைவு தடுமாறுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே தொடங்கக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால், படிவு இருந்தும் கடைசிவரை தெளிந்த நினைவோடு வாழ்ந்த முதியவர்கள் ஏராளம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடிய என் தந்தைக்கு, முதல் எம்ஆர்ஐ அறிக்கை ‘வயதுக்கேற்ற மாற்றம்’ என்றே வந்தது. தடுமாற்றத்தை முதலில் உணர்ந்தவர் என் தாயார்தான். உடனிருப்பவர் சொல்வதையும், நினைவாற்றல் சோதனையையும், நினைவைப் பாதிக்கக்கூடிய வைட்டமின் பி12, தைராய்டு குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு சொல்ல வேண்டும்.