மைனர் திருந்துகிற கதை

ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ஜார்ஜெட் ஹேயரின் 'வெனீஷியா'வை மறுபடியும் முடித்தேன். 1958-இல் வந்த நாவல், கதை நடப்பது 1818-இல், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கிராமப்புறத்தில். மைனராகத் திரிந்து பெயரைக் கெடுத்துக்கொண்ட டேமரெல் பிரபுவுக்கு 38 வயது, பக்கத்துப் பண்ணையில் இருக்கும் வெனீஷியாவுக்கு 25. முடிவு என்ன என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், தெரிந்தும் கீழே வைக்க மனசு வரவில்லை.

முதல் சந்திப்பு எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான். பிளாக்பெர்ரி பறித்துக்கொண்டிருக்கிறவளை யார் என்ன என்று கேட்காமல் பிடித்து முத்தம் கொடுத்துவிடுகிறான். அதை நான் காதல் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அப்புறம் அவள் தம்பி ஆப்ரி குதிரையிலிருந்து விழுகிறான். இடுப்பில் நோய் வந்து ஏற்கெனவே நொண்டி நடக்கிற பையன், யாராவது பரிதாபப்பட்டாலே முகம் சுருங்கிப்போகும். டேமரெல் அவனைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் படுக்கவைத்து, டாக்டருக்கு ஆளனுப்பி, 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அவனுக்கு உயிரான கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். எனக்கு அவனைப் பிடித்தது அங்கேதான். இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று சத்தியம் செய்கிற ஆளை விட இவனை நம்பலாம்.

ஆனால் நல்ல புத்தி வந்ததும் அவன் என்ன செய்கிறான் பாருங்கள், தன்னைக் கட்டிக்கொண்டால் அவள் பெயரும் கெட்டுவிடும் என்று தானே முடிவு செய்து விலகிப்போகிறான்! ஏற்கெனவே அப்பா அவளை ஊரை விட்டு நகரவிடாமல் வளர்த்தார். எட்வர்டு என்று ஒருவன் அவள் தன்னைத்தான் கட்டிக்கொள்வாள் என்று அவனாகவே தீர்மானித்து வைத்திருக்கிறான். செத்துப்போனதாக அவள் நம்பியிருந்த அம்மாவோ லண்டன் நாடகக் கொட்டகையில் உயிரோடு வந்து நிற்கிறாள், புருஷனை விட்டு ஓடிப்போனவள் என்பதால் அத்தனை வருஷமும் மறைத்திருக்கிறார்கள். எல்லாம் 'உன் நல்லதுக்குத்தான்'. அந்த வரிசையில் காதலனும் போய் நின்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை அவள். தன் அம்மாவின் கெட்ட பெயரையே கையில் எடுத்துக்கொள்கிறாள், இப்படிப்பட்டவளின் மகளுக்கு இவனால் மட்டும் என்ன பெயர் கெட்டுவிடப்போகிறது என்று. லண்டனிலிருந்து அத்தனை தூரம் கிளம்பி வந்து, தனியாகக் குடித்துக்கொண்டு கிடக்கிறவன் முன்னால் நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பழையபடி சிரிக்க ஆரம்பிக்கிறார்கள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே வேண்டியிருந்தது சேர்ந்து சிரிக்க ஒரு ஆள், ஒரு சிநேகிதன்.

அந்த அத்தியாயத்தை மட்டும் இன்று காலை காபியோடு இன்னொரு தரம் படித்தேன்.