மிதிவண்டியைக் கொடுத்தோம், ஓட்டக் கற்றுக்கொடுத்தோமா?

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழாப் படங்கள் முகநூலில் வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே வருகின்றன. அந்த மிதிவண்டி இல்லாதிருந்தால் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த மேல்நிலைப் பள்ளிக்கு என்னை வீட்டில் அனுப்பியிருக்கவே மாட்டார்கள். 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் மற்றவர்களுக்கும் விரிந்த அந்தத் திட்டத்துக்கு என்னைப் போன்றவர்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. கலக்கத்துக்குக் காரணம், மிதிவண்டி என் கைக்கு வந்த ஆறாவது மாதத்தில் என் தம்பிக்கு நேர்ந்தது.

அவனுக்கு அப்போது ஏழு வயது. மாவு மில்லுக்குப் போகும்போது அவனைக் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது வழக்கம். செருப்பில்லாத கால்கள் இரண்டு பக்கமும் தொங்கும்; என் இடுப்பைப் பிடித்துக்கொள் என்று சொல்வேனே தவிர, காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கும் யாரும் சொன்னதில்லை. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் பின்சக்கரம் திடீரென்று இறுகியது. மேடு என்பதால்தான் இழுக்க முடியவில்லை என்று எண்ணி, இருக்கையிலிருந்து எழுந்து நின்று முழு பலத்தோடு பெடலை மிதித்தேன். அவன் அலறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். குதிகால் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கும் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கியிருந்தது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிக் காலை விடுவித்தார்கள்.

காயம் பார்ப்பதற்குச் சிறியதாகத்தான் இருந்தது. எலும்பு முறியவில்லை, ரத்தமும் அதிகம் வரவில்லை. வீட்டில் மஞ்சள் பத்துப் போட்டுக் கட்டிவிட்டோம். நான்காம் நாள் குதிகாலைச் சுற்றியிருந்த தோல் கறுத்துவிட்டது. சக்கரக் கம்பியில் சிக்கிய கால் வெட்டுப்படுவது மட்டுமல்ல, நசுங்கவும் செய்கிறது. நசுங்கிய தோலுக்குள் ரத்த ஓட்டம் நின்றுபோவது மேலே தெரிவதற்குச் சில நாட்கள் ஆகும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்ட வைத்தார்கள். அவன் ஒழுங்காக நடக்க மூன்று மாதங்களாயின. சக்கரத்தின் இரு பக்கமும் கம்பி வலைக் காப்பும், கால் வைக்க இரண்டு மிதிகளும் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. சேலை சிக்காமல் இருக்கப் பெண்கள் மிதிவண்டியில் மாட்டும் காப்பு, குழந்தையின் காலையும் காக்கும் என்பது எத்தனை வீடுகளில் தெரிந்திருக்கிறது?

மிதிவண்டி விபத்து என்றவுடன் லாரி இடித்தது, பேருந்து ஏறியது என்ற செய்திகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவை உண்மை, அவற்றின் பழியை மிதிவண்டி ஓட்டுபவர் மேல் போட நான் வரவில்லை. இன்டெல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுத் தலைவராக இருந்த அவ்தார் சைனி 2024 பிப்ரவரி மாத இறுதியில் நவி மும்பையில் அதிகாலையில் மிதிவண்டி ஓட்டிச் சென்றபோது வாடகைக் கார் மோதி இறந்தார். பின்னாலிருந்து வேகமாக வரும் காரை எந்தத் திறமையாலும் தடுக்க முடியாது. ஆனால் என் தம்பியின் காலை எந்த லாரியும் நசுக்கவில்லை. அருகில் வேறு வாகனமே இல்லாமல், ஓட்டுபவரின் அறியாமையால் மட்டும் நேரும் விபத்துகள் ஏராளமாக இருக்கின்றன. யாரும் புகார் கொடுப்பதில்லை என்பதால் அவற்றில் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சொல்லிக்கொடுத்தாலே தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் அவை என்னை அதிகம் வருத்துகின்றன.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். ‘முன் பிரேக்கைப் பிடிக்காதே, தலைகுப்புற விழுவாய்’ என்பதுதான் எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லப்பட்ட ஒரே பாடம். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று இறுக்கினால் விழ நேரிடும் என்பது சரிதான். ஆனால் வண்டி வேகம் குறையும்போது நம் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிப் பிடிமானத்தை இழக்கிறது. ஆகவே பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு வண்டி நிற்க ஏறத்தாழ இரு மடங்கு தூரம் தேவைப்படுகிறது. அதற்குள் பின்சக்கரம் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கியும் விடுகிறது. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி, உடலைச் சற்றே பின்னுக்குத் தள்ளி நிறுத்த வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் பழகிவிடக்கூடிய செயல். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மிதிவண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுகிறது. குறுக்கே ஓடிவரும் ஆட்டுக்குட்டியைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். நம் ஊரில் பெரும்பாலான மிதிவண்டிகளுக்கு இரும்பு ரிம்தான். அது நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்குகிறது. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மில் உள்ள நீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் முப்பது வயதுக்கு மேல், ஒரு மிதிவண்டிக் கடைப் பெரியவரிடமிருந்துதான் கற்றேன்.

இன்னொரு தவறு, நல்ல எண்ணத்தோடு பெற்றோரே கற்றுக்கொடுப்பது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும், அதனால் வலப்பக்கமாகப் போ என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். நடந்து செல்பவருக்கு அது நல்ல அறிவுரை. மிதிவண்டிக்கு அது ஆபத்து. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டியும் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளும் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் 65. ஒரே திசையில் சென்றால் 35 மட்டுமே. ஐம்பது மீட்டர் தொலைவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், எதிர்த்திசையில் முடிவெடுக்க மூன்று நொடிகூடக் கிடைக்காது. ஒரே திசையில் ஐந்து நொடி கிடைக்கும். அதோடு, சந்திலிருந்து பிரதான சாலையில் இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் தன் வலப்பக்கத்தைத்தான் பார்ப்பார். தவறான திசையிலிருந்து வரும் குழந்தை அவர் கண்ணில் படுவதே இல்லை.

நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடப்புறமாக நுழைவதும், நிறுத்தியிருக்கும் காரை உரசினாற்போல் செல்லும்போது அதன் கதவு திறந்து மோதுவதும் அன்றாடம் நடப்பவை. ரயில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கும்போது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும், மழை நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. ஹேண்டில் பாரில் தொங்கவிடும் சாப்பாட்டுப் பை முன்சக்கரத்துக்குள் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், ஓட்டுபவர் மட்டும் முன்னால் போய் விழுவார். பையைக் கேரியரில் கட்டுங்கள் என்று என் அலுவலகத்தில் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

இவற்றில் எதற்கும் பெரிய அறிவு தேவையில்லை. மோட்டார் வாகனம் ஓட்ட உரிமம் வேண்டும், அதற்கு எட்டு போட்டுக் காட்ட வேண்டும். மிதிவண்டிக்கு உரிமம் கிடையாது, கூடாது என்பதே என் கருத்தும். ஏழையின் வாகனத்துக்குக் காகிதத் தொல்லை வேண்டாம். ஆனால் உரிமம் இல்லை என்பதற்காகப் பயிற்சியும் இல்லாமல் விடுவது சரியல்ல. மிதிவண்டிகளுக்குப் பெயர்போன நெதர்லாந்தில், சாலைகளை அவ்வளவு பாதுகாப்பாக அமைத்த பின்னும், தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் குழந்தைகளுக்குப் போக்குவரத்துத் தேர்வு வைக்கிறார்கள். எழுத்துத் தேர்வோடு நிற்காமல் சாலையில் ஓட்டிக் காட்டவும் சொல்கிறார்கள். சாலையின் ஓரம் கூட ஒழுங்காக இல்லாத நம் ஊரில், பதினாறு வயதுப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம்.

நான் கேட்பது இதுதான். மிதிவண்டி வழங்கும் வாரத்தில், விளையாட்டு மைதானத்தில் இரண்டு மணி நேரம். சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் நிற்கும்படி பிரேக் பிடிக்கச் சொல்ல வேண்டும். கை காட்டி, பின்னால் திரும்பிப் பார்த்து வலப்பக்கம் திரும்பப் பழக்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தர வேண்டும். உடற்கல்வி ஆசிரியரும் ஊர் மிதிவண்டிக் கடைக்காரரும் சேர்ந்தால் போதும். பின்சக்கரத்துக்கு இருபுறமும் காப்பு மாட்டியே கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த வண்டியில் தம்பியோ தங்கையோ ஏறாமல் இருக்கப் போவதில்லை.

என் மகளுக்குச் சென்ற மாதம் மிதிவண்டி வாங்கினோம். அன்றே அதன் கேரியரைக் கழற்றிவிட்டேன். தோழிகள் எல்லாருடைய வண்டியிலும் கேரியர் இருக்கிறதே என்று அவள் அழுதபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கால்சட்டையை மடித்துவிட்டு, இடது குதிகாலைக் காட்டினான். ‘மாமா, வலிச்சுதா?’ என்று கேட்டு, அவள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.