“பிரைமர் துளையில் பொருந்தினால் போதும்” என்பது பொய்

சுட்டு முடிந்த துவக்கு ரவையின் வெற்றுக் கோதை மறுபடி நிரப்புவது பற்றி வெள்ளவத்தைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “.22 கோதையும் திரும்ப நிரப்பலாம். பிரைமர் துளையில் பொருந்தினால் சரி, மருந்தும் எது என்றாலும் ஒன்றுதான்.” பிரைமர் என்பது கோதின் அடியில் இருந்து தீமூட்டும் சிறு கிண்ணம்; மருந்து என்பது வெடிமருந்து. அவர் சொல்வது மூன்றும் பிழை.

.22 எல்ஆர் என்ற சிறு ரவையின் கோதைத் திருப்பி அடியைப் பாருங்கள். நடுவில் பொத்தான்போல ஒன்றும் இராது. துவக்கின் ஊசி குத்திய தழும்பு ஓரத்தில் இருக்கும். தீமூட்டும் கலவை அந்த விளிம்புக்குள்ளேயே இருந்து, ஒரே அடியில் முடிந்துவிடும். மாற்றுவதற்கு அங்கே தனிப் பிரைமரே கிடையாது.

.223 போன்ற ரைபிள் ரவைகளில் பிரைமர் தனிதான். ஆனால் சிறிய ரைபிள் பிரைமரும் சிறிய பிஸ்டல் பிரைமரும் ஒரே விட்டம், ஏறத்தாழ 4.45 மி.மீ. ஏமாற்றுவதே அதுதான். பிஸ்டல் பிரைமரின் கிண்ணம் பொதுவாக மெல்லியது; ரைபிள் அழுத்தத்தில் துளைபட்டு, சூடான வாயு சுடுபவரின் முகத்துப் பக்கம் பீறிடலாம்.

மருந்து? எரியும் வேகம் நிறத்திலோ மணியிலோ தெரியாது. வேகமாக எரியும் பிஸ்டல் மருந்தை ரைபிள் கோதுக்குள் நிரப்பினால் துவக்கே சிதறலாம். அந்தந்த ரவைக்கு உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணை ஒன்றே கணக்கு, அதுவும் அதில் உள்ள மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

இதெல்லாம் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளின் பேச்சு. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மருந்து வைத்திருப்பதே குற்றம். குரல்பதிவுக்காரர் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை.