வெள்ளை மருமகளுக்கு ஒரு நியாயம், கறுப்பு மருமகளுக்கு ஒரு நியாயமா?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வெளிநாட்டு மருமகள் இன்று புதுமை அல்ல. எங்கள் உறவிலேயே ஒருவர் ஜெர்மானியப் பெண்ணை மணந்து அழைத்து வந்தபோது, அவருக்குத் திருபுவனம் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, ‘இந்து அல்லாதோருக்கு அனுமதி இல்லை’ என்ற பலகையைத் தாண்டிக் கோயிலுக்குள்ளும் கூட்டிச் சென்று, அந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையோடு பகிர்ந்தார்கள். அவரும் கிறிஸ்தவர்தான். குலதெய்வ வழிபாடு என்னாவது என்று அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது டொராண்டோவில் இருக்கும் என் அத்தை மகன், கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட கத்தோலிக்கப் பெண்ணை மணக்க விரும்புகிறான். அதே உறவினர்களுக்கு மதம், சம்பிரதாயம், பிதுர்க்கடன் எல்லாம் ஒரே வாரத்தில் நினைவுக்கு வந்துவிட்டன. “பொறக்கப்போற புள்ளையை நினைச்சுப் பாருங்க” என்றார் ஒரு பெரியவர். மற்றவர்கள் சுற்றி வளைத்ததை அவர் நேராகவே சொல்லிவிட்டார். (தலைமுறை தலைமுறையாக வயல் வெயிலில் கறுத்த குடும்பம் எங்களுடையது.)

மதம்தான் தடை என்பதை நான் ஏற்கவில்லை. இதே மகனுக்குச் சிறு வயதில் மஞ்சள் காமாலை கண்டபோது, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டவர் அத்தைதான். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில், திருமுழுக்குப் பெறாதவரை மணக்க முன்அனுமதி பெற வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வதாக அந்தப் பெண் வாக்களிக்கவும் வேண்டும். அதை அவர்கள் இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

நிலத்தில் பங்கு போய்விடும் என்று சித்தப்பா பயமுறுத்துவதிலும் பொருளில்லை. இங்கே 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தால், பிற மதத்தவரை மணக்கும் இந்துவை அதன் 19ஆம் பிரிவு கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதுகிறதே தவிர, அவரது சொத்துரிமையைப் பறிப்பதில்லை.

மாமா காலமான பின் அத்தை தனியாக இருக்கிறார். மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடிவதில்லை. அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒன்றே எனக்கு நியாயமாகப் படும் கேள்வி. ஆனால், அது மகன் விமானம் ஏறிய அன்றே எழுந்திருக்க வேண்டிய கேள்வி. சொந்தச் சாதியில், பொருத்தம் பார்த்து, சீர் வாங்கித் திருமணம் முடித்த பிள்ளைகளும் சென்னையிலும் சிங்கப்பூரிலும்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் எங்கள் தெருவில் சம்பளத்துக்கு வரும் பெண்ணின் கையால்தான் மருந்து சாப்பிடுகிறார்கள். இதில் மருமகளின் நிறத்துக்கு என்ன வேலை?

மாமாவின் திதிக்கு ஆண்டுதோறும் வரச் சொல்லி மகனிடம் கேளுங்கள், அது அவன் கடமை. அந்தப் பெண் மதம் மாறினால்தான் வீட்டில் சேர்ப்பேன் என்ற நிபந்தனையை விட்டுவிடுங்கள் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். திதிக்கு வருவதாக அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். நிபந்தனை விஷயத்தில் அத்தை இன்னும் பிடிகொடுக்கவில்லை.