கான்ஃப்ளிக்ட் வரலைன்னா மெர்ஜ் சரின்னு அர்த்தம் இல்லீங்க

ஏனுங்ணா, கிட்ல (கோடுல யாரு என்ன மாத்துனாங்கன்னு பதிஞ்சு வெக்கற சாஃப்ட்வேர்) ரெண்டு பிராஞ்ச, அதாவது தனித்தனியா மாத்திட்டிருக்கற கோடு பிரதிகள, ஒண்ணா சேக்கற மெர்ஜ் பத்தி "கான்ஃப்ளிக்ட் இல்லாம மெர்ஜ் ஆயிருச்சுன்னா கோடு சரியா இருக்குது, மறுபடி டெஸ்ட் ஓட்ட வேண்டியதில்ல"ன்னு மேல எழுதிருக்கறீங்க, புதுசா வேலைக்கு வர்ற பசங்க இத நம்பிருவாங்க, தயவுசெஞ்சு மாத்துங்க. கிட் பாக்கறது வரிய மட்டுந்தானுங்க. ரெண்டு பிராஞ்சும் பிரிஞ்ச எடத்துல இருந்த பழைய கமிட்ட (சேமிச்சு வெச்ச நெலைய) வெச்சுக்கிட்டு யாரு எந்த வரிய மாத்துனாங்கன்னு ஒப்பிடும், ஒரே எடத்துல ரெண்டு பேரும் வேற வேற மாதிரி கை வெச்சாத்தான் கான்ஃப்ளிக்ட்னு சொல்லி நிக்கும். கோடோட அர்த்தம் அதுக்குத் தெரியாது. 2021ல 2.34 வெர்ஷன்ல மெர்ஜ் பண்ற முறையவே மாத்துனாங்க, வேகம் கூடுச்சு, ஆனா இந்த விசயம் அப்படியேதான் இருக்குது.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி சாஃப்ட்வேர்ல எனக்கே நடந்துச்சுங்க. நூல் எடைய கிராம்ல குடுத்துட்டிருந்த ஃபங்ஷன இன்னொரு பிராஞ்ச்ல கிலோவா மாத்தி, அத கூப்பிடற பழைய எடத்தையெல்லாம் ஒழுங்காவே சரி பண்ணிட்டாங்க, நான் என்ற பிராஞ்ச்ல வேற ஃபைல்ல அது கிராம்னே நெனச்சு புதுசா கூப்பிட்டு 1000ஆல வகுத்துட்டேன். மெர்ஜ் சத்தமில்லாம முடிஞ்சுது. சாயம் போட டையிங்குக்குப் போற டிசில (சரக்கோட அனுப்பற டெலிவரி சலான்ல) 250 கிலோ வர வேண்டிய எடத்துல 0.25னு நின்னுச்சு. ரெண்டு பிராஞ்ச்லயும் தனித்தனியா டெஸ்ட் எல்லாம் பாஸுங்க!

அதனால மொதல்ல மெயின (எல்லாரோட கோடும் கடைசியா சேர்ற பொது பிராஞ்ச) உங்க பிராஞ்சுக்குள்ள இழுத்து, சேந்த கோடு மேல டெஸ்ட் ஓட்டிட்டு அப்பறமா மெயினுக்கு அனுப்புங்க, அதுக்குள்ள மெயின் நகந்துருச்சுன்னா இன்னொருக்கா ஓட்டுங்க.