ஆச்சியின் போஸ்டரில் விட்டுப்போன வரி

போன மாதம் ஆச்சியின் பதினாறாம் நாளுக்குப் பெரிய மாமா போஸ்டர் அடித்தார். மொத்தம் 18 பேர் அதில் இருக்கிறோம். பெரிய மாமா பெயருக்குக் கீழே ‘ஆசிரியர் (ஓய்வு)’. சின்ன மாமாவுக்கு ‘ஒப்பந்ததாரர்’. பேரன்களுக்கு வேலையும் ஊரும் சேர்த்து. 15 வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த தாத்தாவுக்குக்கூட ‘விவசாயம்’ என்று இருக்கிறது. அவருடைய கடைசி 20 வருடத்தில் தாத்தா வயலுக்குப் போய்ப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. நடுவில் பெரிய படமாக ஆச்சி. அவள் பெயருக்குக் கீழே வேலை எதுவும் இல்லை.

“மாமா, ஆச்சிக்குப் பீடித் தொழிலாளின்னு போட்டிருக்கலாமே?”

“ஏட்டி, அது நல்லாவா இருக்கும்? குடும்ப தெய்வம்னு போட்டிருக்கோம்லா.”

அன்றிலிருந்து இது மனதில் முள்ளாகக் கிடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆலங்குளம் பக்கம். 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்டம். ஆச்சி கடைசி வரை திருநெல்வேலி ஜில்லா என்றுதான் சொன்னாள். இந்தப் பக்கம் மத்தியானம் எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணையில் நாலு பேர் மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆச்சி காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே “பொண்ணு எத்தனை பீடி சுத்தும்?” என்பதுதானாம். ஆச்சி தினம் ஆயிரம் சுற்றுவாள். தாத்தா வீட்டில் உடனே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடிகாலை அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டுவாள். மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிற இலை அது. நரம்பு தடித்த இடத்தை ஒதுக்கத் தெரியாவிட்டால் சுற்றும்போது பிளந்துகொள்ளும். அப்புறம் சமையல், மாடு, எங்களைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புவது. பதினோரு மணிக்கு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டாள். புகையிலைத் தூளை அளந்து வைத்து, உருட்டி, வாயை மடக்கி, நூல் சுற்றுவதற்குள் நமக்கு ஒரு கொட்டாவி முடியாது. கண் சுளகில் இருக்காது, தெருவில் இருக்கும். யார் யாரோடு பேசவில்லை என்பது வரை அவளுக்குத் தெரியும். அவள் சேலையிலும் தலையணையிலும் தூள் வாசம்தான். இப்போதும் யார் வீட்டுத் திண்ணையையாவது தாண்டும்போது அந்த வாசம் வந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது. அந்த மடியில் தூங்கிய பழக்கம்.

ஒரு கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். குறைத்தே கணக்குப் போடுகிறேன். நாளைக்கு 600, வருடத்துக்கு 250 நாள், 50 வருடம். 75 லட்சம் பீடி வருகிறது. எங்கள் வீட்டின் முன்கட்டு, இரண்டு மாமாக்களின் படிப்பு, அம்மாவின் நகை எல்லாம் அதற்குள் அடக்கம்.

பீடிக் கடையில் தருகிற இலையில் ஆயிரம் தேறாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கியாக வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்குப்பிள்ளை ஒரு கட்டைப் பிரித்து, இரண்டு பீடியை நசுக்கிப் பார்த்து, ‘கழிவு’ என்று ஒதுக்குவார். அதற்குக் கூலி கிடையாது, ஒதுக்கிய பீடியும் திரும்பி வராது. ஆச்சி வாயே திறக்க மாட்டாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வருவாள்.

வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிற பொம்பளை தொழிலாளியா, இல்லையா? இது உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. 1966-லேயே பீடித் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. 1977-ல் பி.எஃப். வந்தபோது, வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று பீடி முதலாளிகள் வழக்காடினார்கள். 1985-ல் தீர்ப்பு வந்தது: அவர்களும் தொழிலாளிகள்தான். தரமில்லை என்று பீடியைக் கழிக்கிற உரிமை உங்கள் கையில் இருக்கிறதே, அது மேற்பார்வை இல்லாமல் வேறென்ன என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான வாதம். ஆச்சி வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்த அதே கழிவுதான் அவளைத் தொழிலாளி ஆக்கியிருக்கிறது. இதைக் கல்லூரியில் படித்த அன்று ஓடிவந்து அவளிடம் சொன்னேன். “அப்போ கழிச்ச பீடிக்குக் காசு தருவானாமா?” என்று கேட்டாள். சரி, அவளுக்கு அவள் கவலை.

நான் படித்ததும் பீடிக் காசில்தான். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வசூலித்த நல வரியிலிருந்து தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தந்தார்கள். அம்மாவும் சுற்றியதால் அவளுடைய பீடித் தொழிலாளி அட்டையில் எனக்குக் கிடைத்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். 58 வயதில் ஆச்சியின் பாஸ்புக்கை, அதாவது பீடிக் கடையில் அவள் பெயரில் இருந்த கணக்குப் புத்தகத்தை, முடித்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷன். அதை வைத்து என்ன செய்ய? 72 வயது வரை அம்மாவின் பாஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. தாத்தா பீடி குடிப்பவர். கடைசி நாலு வருடம் இருமி இருமித்தான் போனார். 2016-ல் பீடிக் கட்டு லேபிளில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாகப் போட்டபோது, ஆச்சி ஒரு கட்டை எடுத்துக்கொண்டு வந்து “இது என்னட்டி படம்?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நான் இலையப் பாத்தேன், தூளப் பாத்தேன். இழுக்கவன் நெஞ்ச எங்க பாத்தேன்?” என்றாள். அன்றைக்கும் சுற்றினாள். எனக்கும் இதற்குப் பதில் இல்லை.

மாமாவைக் குறை சொல்லவில்லை. ஆசிரியர் வீட்டில் பீடி என்றால் அவருக்குக் கூச்சம். ஆனால் தெய்வம், தியாகம் என்பதெல்லாம் நமக்குச் சௌகரியமான வார்த்தைகள். தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, பாஸ்புக் இருக்காது, கூலி பாக்கி இருக்காது. ஆச்சிக்கு இதெல்லாம் இருந்தது. பாசத்தில் செய்தாள் என்பது நிஜம்தான். அதோடு, அந்த வட்டாரத்திலேயே நல்ல கைவேலைக்காரி என்ற கர்வமும் அவளுக்கு இருந்தது. மாமா சுற்றிய பீடியை ஒரு தடவை விரலில் தூக்கிப் பார்த்து, “வாத்தியார் வேலைக்குத்தாம்ல நீ லாயக்கு” என்றவள் அவள்.

வருஷாப்தத்துக்கு நினைவஞ்சலி போஸ்டர் நான் அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ‘பீடித் தொழிலாளி’ என்று பெயருக்குக் கீழேயே வரும். மாமா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அம்மாதான் நேற்று போனில் சொன்னாள்: “எழுத்தக் கொஞ்சம் சின்னதா போடுட்டி. அண்ணன் கண்ணாடி போடாமப் பாத்தா தெரியாது.”